ஒரு பவுண்டு உணவின் கணக்கு: பிரிட்டனின் சிக்கனச் சமையல் நிகழ்ச்சிகள் யாருக்கு உதவுகின்றன?

கேள்வியும் களமும்

தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி பெரும்பாலும் பார்த்து மகிழ்வதற்கான ஒன்றாகவே இருந்துவந்த நிலையில், அதன் ஒரு கிளை பிரிட்டனில் 2008-க்குப் பிறகு வேறொரு பொறுப்பைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. குறைந்த பணத்தில் நல்ல உணவு சமைக்க மக்களைப் பழக்குவதே அந்தப் பொறுப்பு. சேனல் 4-இல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் 2008-இல் நடத்திய 'ஜேமிஸ் மினிஸ்ட்ரி ஆஃப் ஃபுட்', 2013-இல் வந்த 'ஜேமிஸ் மணி சேவிங் மீல்ஸ்', பிபிசி ஒன் 2015-இல் தொடங்கிய 'ஈட் வெல் ஃபார் லெஸ்?', விலைவாசி எகிறிய 2022-இன் பிற்பகுதியில் வந்த 'ஜேமிஸ் ஒன் பவுண்ட் வொண்டர்ஸ்' ஆகியவை இக்கிளையின் முக்கியமான எடுத்துக்காட்டுகள்.

இதே காலத்தில் உணவு வங்கிகள், அதாவது வாங்க வழியற்றோருக்கு இலவசமாக மளிகைப் பொருள் தரும் தொண்டு மையங்கள், பெருகின. அவற்றுள் மிகப் பெரிய வலையமைப்பான ட்ரஸ்ஸல் டிரஸ்ட் 2010–11-இல் வழங்கிய அவசர உணவுப் பொதிகள் சுமார் 61 ஆயிரம். 2023–24-இல் அவை 31 லட்சத்தைத் தாண்டின. நிகழ்ச்சிகளால் இந்த நிலை வந்தது என்றோ, நிகழ்ச்சிகள் இதைத் தடுத்திருக்க வேண்டும் என்றோ யாரும் வாதிட முடியாது. எனினும் சிக்கனச் சமையல் இவ்வளவு விரிவாகக் கற்பிக்கப்பட்ட ஒரு நாட்டில் பசியும் இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறது என்பது, அந்தக் கற்பித்தலின் பயன் உண்மையில் எவரைச் சென்றடைந்தது என்று கேட்க வைக்கிறது.

இக்கேள்விக்கு இதுவரை இரண்டு விடைகள் கூறப்பட்டுவந்துள்ளன. சமைக்கும் திறன் தலைமுறைதோறும் தேய்ந்துவிட்டதால் மக்கள் விலை கூடிய ஆயத்த உணவுகளை நாடுகிறார்கள், திறனை மீட்டால் பணமும் மிஞ்சும் என்பது ஒன்று. குறை திறனில் இல்லை, வருமானத்தில்தான் இருக்கிறது, ஆகவே நிகழ்ச்சிகள் ஏழைகள்மீது பழி சுமத்துகின்றன என்பது மற்றொன்று. இரண்டுமே 'மக்கள்' என்று பொதுவாகப் பேசுவதால் தெளிவை இழக்கின்றன. செலவில் நெகிழ்ச்சி உள்ள குடும்பமும், கடைசிப் பென்ஸ் வரை கணக்கிட்டுவிட்ட குடும்பமும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து ஒரே பயனைப் பெற வழியில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

போர்க்கால முன்னோடி

ஆலிவர் தம் நிகழ்ச்சிக்குச் சூட்டிய பெயர் இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவு அமைச்சகத்தின் பெயராகும். உல்டன் பிரபு அமைச்சராக இருந்த அந்தக் காலத்தில், 1940 ஜூனிலிருந்து பிபிசி வானொலி 'தி கிச்சன் ஃபிரண்ட்' என்ற சிறு நிகழ்ச்சியைக் காலைச் செய்தியை அடுத்து ஒலிபரப்பியது. உருளைக்கிழங்கையும் முட்டைப் பொடியையும் கொண்டு என்ன செய்யலாம், எதையும் வீணாக்காமல் எப்படிச் சமாளிக்கலாம் என்று அது இல்லத்தரசிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. சிக்கனச் சமையலை ஒலிபரப்பின் வழியே கற்பிப்பது பலிக்கும் என்பதற்கு இன்றும் இதுவே சான்றாகக் காட்டப்படுகிறது.

அந்த வெற்றிக்குச் சமையற்குறிப்பு மட்டும் காரணமன்று என்பதை இச்சான்றைக் காட்டுவோர் பல நேரங்களில் விட்டுவிடுகின்றனர். 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலையில்தான் முற்றிலும் முடிந்த பங்கீட்டு முறையில், அளவுகள் அவ்வப்போது மாறினாலும், ஒருவருக்கு வாரம் 2 அவுன்ஸ் வெண்ணெய், 2 அவுன்ஸ் தேயிலை, 8 அவுன்ஸ் சர்க்கரை, ஒரு முட்டை என்ற அளவில் பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்ட விலையில் கிடைத்தன; விலை ஏறாதிருக்க அரசு மானியம் அளித்தது; பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்ஸ் எனப்பட்ட பொது உணவகங்கள் மலிவு விலையில் சூடான உணவு வழங்கின. கேட்பவரின் அலமாரியில் என்ன இருக்கும், அதற்கு அவர் எவ்வளவு கொடுத்திருப்பார் என்பது வானொலியில் பேசியவருக்குத் தெரியும். அறிவுரையோடு பொருளும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 2008-இல் ஆலிவர் சவுத் யார்க்‌ஷயரின் ரோதர்ஹாம் நகருக்குச் சென்றபோது பழைய அமைச்சகத்தின் பெயரும் அறிவுரையும் அவருடன் சென்றன. மானியமும் விலைக் கட்டுப்பாடும் செல்லவில்லை.

ஒரு பங்கின் விலை

சிக்கனச் சமையல் நிகழ்ச்சிகளின் அடிப்படை அலகு 'பங்கு', அதாவது ஒருவர் ஒரு வேளையில் உண்ணும் அளவு. ஓர் உணவின் விலையைச் சொல்லும்போது அதில் சேரும் ஒவ்வொரு பொருளிலும் பயன்படுத்திய அளவுக்கு மட்டும் விலை கணக்கிட்டு, மொத்தத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பதே வழக்கம். எண்ணெய்ப் புட்டியிலிருந்து இரண்டு மேசைக்கரண்டியும் மிளகாய்த்தூள் குப்பியிலிருந்து ஒரு தேக்கரண்டியும் எடுத்தால், கணக்கில் ஏறுவது அந்தக் கரண்டிகளின் விலை மட்டுமே. உணவகம் நடத்துபவருக்கு இது முற்றிலும் சரியான கணக்கு. புட்டியின் மிச்சம் நாளைக்கே செலவாகிவிடும், அதை வாங்கும் முதலும் அவரிடம் இருக்கிறது. வெறும் அலமாரியோடும் கையில் பத்துப் பவுண்டோடும் கடைக்குச் செல்பவரோ எந்தக் கல்லாவிலும் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் வாங்க முடியாது. பங்கின் விலைக்கும் கல்லாவில் கொடுக்கும் தொகைக்கும் இடையிலான இந்த இடைவெளி, வருமானம் குறையக் குறைய விரிகிறது.

இடைவெளியைப் புறக்கணித்துவிட்டுப் பங்கின் விலையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. எசெக்ஸின் சவுத்எண்டில் வேலையின்றி, சிறு குழந்தையுடன் தனியாக வாழ்ந்த ஜாக் மன்றோ, 2012 முதல் எழுதிய சமையற்குறிப்புகளால் நாடறிந்தவரானார். அவர் தமக்கும் குழந்தைக்குமாக உணவுக்கு ஒதுக்க முடிந்தது வாரம் ஏறத்தாழ 10 பவுண்டு. ஒரு பங்கு ஒரு பவுண்டு என்று காட்டப்படும் இரவுணவை இரண்டு பேர் ஏழு நாளும் உண்டால் 14 பவுண்டு ஆகிறது. காலையுணவும் மதிய உணவும் பாலும் இல்லாமலேயே, நாட்டின் மலிவான தொலைக்காட்சி உணவு மன்றோவின் மொத்த வாரச் செலவைத் தாண்டிவிடுகிறது. ஆலிவரின் 'ஒன் பவுண்ட் வொண்டர்ஸ்' நிகழ்ச்சிக்குப் பத்தாண்டுகள் முந்தையது மன்றோவின் கணக்கு என்பதையும், இடையில் விலைகள் ஏறியதையும் கருத்தில் கொண்டாலும், இரண்டும் வெவ்வேறு மனிதர்களுக்கான கணக்குகள் என்பது மறைவதில்லை.

மன்றோவின் குறிப்புகளில் அடிக்கடி பேசப்பட்ட ஓர் உத்தி இங்கே உற்றுநோக்கத் தக்கது. கடையின் சொந்தப் பெயரில் விற்கப்படும் மிக மலிவான 'பேக்டு பீன்ஸ்', அதாவது தக்காளிச் சாற்றில் ஊறிய வெள்ளை மொச்சை, சாறில்லாத வெறும் மொச்சை டப்பாவைவிட விலை குறைவாகக் கிடைத்தது. ஆகவே மலிவான டப்பாவை வாங்கி, சாற்றைத் தண்ணீரில் அலசிவிட்டு, மொச்சையை மட்டும் வேறு சமையலுக்குப் பயன்படுத்தலாம் என்றார் அவர். இந்த அறிவு பங்கின் விலையிலிருந்து பிறந்ததன்று. கடை அலமாரியின் முன் நின்று விலைச்சீட்டுகளை ஒப்பிட்டவரின் அறிவு. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது பிபிசி ஒளிபரப்பிய 'டெய்லி கிச்சன் லைவ்' நிகழ்ச்சியில் மன்றோ இத்தகைய டப்பாச் சமையலை முன்வைத்தபோது, சிக்கன நிகழ்ச்சி வேறு வகையிலும் அமைய முடியும் என்பது வெளிப்பட்டது.

'ஈட் வெல் ஃபார் லெஸ்?' பின்பற்றிய முறை இன்னொன்று. ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருள்கள் சிலவற்றை நிகழ்ச்சியினர் மலிவான வகைகளாக மாற்றி, அடையாளமில்லாத உறைகளில் இட்டுவைப்பார்கள். எது பழையது, எது மாற்றப்பட்டது என்று தெரியாமல் குடும்பத்தினர் சில நாள் உண்டபின், மிச்சமான தொகை அறிவிக்கப்படும். பெயரும் உறையும் நாக்கை எவ்வளவு ஏமாற்றுகின்றன என்பதைக் காட்டுவதில் இந்த முறை நேர்மையானது, பயனுள்ளதும்கூட. ஆனால் சேமிப்பு பிறப்பது ஏற்கெனவே மிகையாகச் செலவழித்த வீட்டில்தான். விலையுயர்ந்த காப்பித்தூளை விட்டுக் கடையின் சொந்தத் தூளுக்கு மாறலாம் என்ற அறிவுரை, பல ஆண்டுகளாகக் கடையின் சொந்தத் தூளையே வாங்குபவருக்கு எதையும் தருவதில்லை.

மலிவுப் பொருள்களும் மலிவாகவே நிற்கவில்லை. ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலையேற்றம் பொதுக் குறியீட்டில் தெரிவதில்லை என்று 2022 ஜனவரியில் மன்றோ சுட்டிக்காட்டியதை அடுத்து, பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் மிக மலிவான 30 மளிகைப் பொருள்களைத் தனியே ஆராய்ந்தது. அவற்றின் சராசரி விலை 2022 செப்டம்பருடன் முடிந்த ஓராண்டில் 17 விழுக்காடு உயர்ந்திருந்தது. தாவர எண்ணெய் 65 விழுக்காடும், பாஸ்தா 60 விழுக்காடும் ஏறியிருந்தன. சிக்கனச் சமையற்குறிப்புகள் பெரிதும் நம்பியிருந்தவை இதே எண்ணெயும் பாஸ்தாவும்தான். 2023 மார்ச்சில் உணவின் ஆண்டுப் பணவீக்கம் சுமார் 19 விழுக்காட்டைத் தொட்டது.

அடுப்பு, எரிபொருள், இடம்

பங்கின் விலையில் சேராத இன்னொரு செலவு எரிபொருள். ஆலிவரின் 2013-ஆம் ஆண்டுச் சிக்கனத் திட்டத்தின் மையக் கருத்து, வார இறுதியில் ஒரு பெரிய இறைச்சித் துண்டை ஓவனில் நெடுநேரம் வேகவைத்து, மிச்சத்தை வாரம் முழுவதும் பல உணவுகளாக மாற்றிக்கொள்வது. சமையற்கலையின் பார்வையில் அது பழைய, அறிவார்ந்த வழி, வீணாவதும் குறையும். அதை நிறைவேற்ற, முழு இறைச்சித் துண்டை ஒரே நாளில் வாங்கும் பணமும், பல மணி நேரம் எரியும் ஓவனும், மிச்சத்தைக் காக்கும் குளிர்பதனப் பெட்டியும் வேண்டும். எரிசக்தி விலைக்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த உச்சவரம்பின்படி, 2022 ஏப்ரலில் சராசரி வீட்டின் ஆண்டுச் செலவு 1,971 பவுண்டாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபருக்கு அது 3,549 பவுண்டாக அறிவிக்கப்பட்டதால், அரசு தலையிட்டு அதனினும் தாழ்ந்த உத்தரவாதத்தை வழங்க நேர்ந்தது. வேகவைக்கும் செலவுக்கு அஞ்சி உணவு வங்கிக்கு வருவோர் உருளைக்கிழங்கையே மறுக்கிறார்கள் என்று ஐஸ்லாந்து என்ற பிரிட்டிஷ் அங்காடித் தொடரின் நிர்வாக இயக்குநராக இருந்த ரிச்சர்ட் வாக்கர் 2022 மார்ச்சில் கூறியதும், கெட்டிலில் கொதிக்கவைத்த நீர் மட்டும் போதுமான பொருள்களைத் தனிப் பொதிகளாக உணவு வங்கிகள் கட்டத் தொடங்கியதும் இந்நிலையின் வெளிப்பாடுகள்.

சமைக்கும் வசதியின்மை ஏழைகளின் உணவைத் தீர்மானிப்பது புதிய செய்தியும் அன்று. லண்டனின் லாம்பெத் பகுதியில் வாரம் ஏறத்தாழ ஒரு பவுண்டு வருமானத்தில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை ஃபேபியன் மகளிர் குழுவினர் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதிய பதிவுகளை, மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-இல் நூலாக வெளியிட்டார். ஓட்ஸ் கஞ்சி மலிவானது, சத்தானது, ஏழைப் பெண்கள் ஏன் அதைச் சமைப்பதில்லை என்று அக்காலத்து நலவிரும்பிகள் கேட்டுக்கொண்டிருந்தனர். ரீவ்ஸ் அந்தச் சமையலறைக்குள் சென்று பார்த்தார். கஞ்சிக்குப் பாலும் சர்க்கரையும் வேண்டும், அவற்றுக்குப் பணமில்லை. இருந்த பழைய பாத்திரத்திலேயே எல்லாவற்றையும் சமைத்தாக வேண்டியிருந்ததால் கஞ்சி தீய்ந்து, வேறு உணவின் வாடையும் ஏறியது. கைக்குழந்தையோடு அல்லாடும் தாய்க்கு நின்று கிளற நேரமில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத தீய்ந்த கஞ்சியைக் கணவனும் பிள்ளைகளும் ஒதுக்கியபோது, அந்தக் குடும்பம் இழந்தது ஒரு வேளை உணவு. ஆகவே ரொட்டியை அவர்கள் தேர்ந்தது அறியாமையால் அன்று. சமைக்க வேண்டாத, கெடாத, அனைவரும் உண்ணும் ஒரே பொருள் அதுவே. அந்த வீடுகளில் காசு போட்டால் எரியும் கேஸ் மீட்டர் இருந்தது. முன்பணம் செலுத்தினால் மட்டுமே மின்சாரம் தரும் மீட்டர் இன்றும் பிரிட்டனில் சுமார் 40 லட்சம் வீடுகளில் உள்ளது. 2023 ஜூலை வரை அந்த வீடுகள் மற்றவர்களைவிடக் கூடுதலான கட்டணமும் செலுத்திவந்தன.

ஆய்வுகள் காட்டுவது

தொலைக்காட்சிக்கு மக்களின் கூடையை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. தொலைக்காட்சிச் சமையல் ஆசிரியர் டெலியா ஸ்மித் 1998-இல் முட்டை வேகவைப்பதிலிருந்து தொடங்கிச் சமையல் கற்பித்தபோது நாட்டில் முட்டை விற்பனை உயர்ந்தது. அவர் பெயரால் வழங்கிய இவ்விளைவு அகராதியிலும் இடம்பெற்றது. ஆனால் ஒரு பொருளின் விற்பனை உயர்வது வேறு, உணவு முறை மாறுவது வேறு. இங்கிலாந்தில் 1993-இல் எடுக்கப்பட்ட உடல்நல, வாழ்முறைக் கணக்கெடுப்பைக் கொண்டு மார்ட்டின் காரஹர், டிம் லாங் முதலியோர் செய்த ஆய்வுகளில், பெரும்பாலானோர் சமையலைத் தாயிடமிருந்தே கற்றதாகக் கூறினர். பள்ளி வகுப்பும் முக்கிய இடம் பெற்றது. தொலைக்காட்சியின் இடம் சிறியது. தேசியப் பாடத்திட்டம் வந்த 1990-ஐ ஒட்டி, பழைய இல்லப் பொருளியல் பாடம் 'உணவுத் தொழில்நுட்பம்' என்ற பெயரில் வடிவமைப்புப் பாடத்துக்குள் கரைந்தது; 14 வயது வரையிலான மாணவர்க்குச் சமையல் மீண்டும் கட்டாயமானது 2014 செப்டம்பரில்தான். தொலைக்காட்சி நிரப்ப முயன்ற வெற்றிடம் அரசின் முடிவால் உண்டானது என்பதை இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

நிகழ்ச்சிகளில் வரும் உணவு உடலுக்கு நல்லதா என்ற கேள்வியை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு எழுப்பியது. சைமன் ஹோவர்ட், ஜீன் ஆடம்ஸ், மார்ட்டின் ஒயிட் ஆகியோர் தொலைக்காட்சிச் சமையல் கலைஞர்களின் நூல்களிலிருந்து 100 குறிப்புகளையும், அங்காடிகளின் 100 ஆயத்த உணவுகளையும் ஒப்பிட்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை முழுமையாக நிறைவுசெய்த உணவு இரு தரப்பிலும் ஒன்றுகூட இல்லை. கலைஞர்களின் குறிப்புகளில் ஒரு பங்குக்குக் கொழுப்பு 27.1 கிராம், ஆயத்த உணவில் 17.2 கிராம், நார்ச்சத்தோ ஆயத்த உணவில் ஏறத்தாழ இரு மடங்கு. உப்பில் மட்டும் கலைஞர்களின் குறிப்புகள் சிறந்திருந்தன. இந்த ஆய்வு நூல்களை அளந்ததே அன்றி, மக்கள் வீட்டில் உண்மையில் சமைத்ததை அளக்கவில்லை. அதன் வரம்பு அது. ஆனாலும் 'வீட்டில் சமைத்தால் நலம், கடையில் வாங்கினால் கேடு' என்ற எளிய பிரிவினையை அது அசைத்துவிட்டது. நிகழ்ச்சிகளைப் பார்த்துத் தாமே சமைப்பவர்கள் கூடுதல் எடையுடன் இருந்ததாக 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை இதனுடன் சேர்த்துக் காட்டுவோர் உண்டு. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பிரையன் வான்சிங்க், ஆய்வு நெறிமீறல் கண்டறியப்பட்டதை அடுத்துக் கார்னெல் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலகியவர். ஒரே நேரத்தில் எடுத்த கருத்தாய்வைக் கொண்டு காரணமும் விளைவும் பேச முடியாது என்பதால் அச்சான்றை ஒதுக்கிவைப்பதே முறை.

ஆலிவரின் முயற்சிக்கு ஆதரவான சான்றுகள் திரைக்கு வெளியே கிடைக்கின்றன. நிகழ்ச்சியைத் தொடர்ந்து அதே பெயரில் சமையல் வகுப்புகள் தொடங்கின. லீட்ஸ் நகரின் கர்க்கேட் சந்தையில் நடந்த எட்டு வார வகுப்பை ஆராய்ந்தபோது, பங்கேற்றோரின் தன்னம்பிக்கையும் அவர்கள் உண்ணும் காய்கனிகளின் அளவும் கூடியிருந்தன. ஆனால் ஒப்பீட்டுக்கு வகுப்பில் சேராத குழு ஒன்று இல்லாததும், எல்லாம் பங்கேற்றோரே சொன்ன தகவல் என்பதும் அதன் பலவீனங்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் உள்ள இப்ஸ்விச்சில் நடந்த பத்து வார வகுப்பைக் காத்திருப்போர் குழுவுடன் ஒப்பிட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வலுவானது: காய்கறி உண்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு கூடியது, வெளியுணவுக்கான செலவு குறைந்தது. கத்தியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று, வாரந்தோறும் பழக்கினால் பயனுண்டு என்பதை இவை காட்டுகின்றன. சோபாவில் அமர்ந்து பார்ப்பதாலும் அதே பயன் விளையும் என்று இவற்றிலிருந்து முடிவுகட்ட இடமில்லை.

திறனின் பெயரால் ஒரு குற்றச்சாட்டு

திறன் பற்றிய பேச்சு அரசியலுக்குள் நுழையும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. 2014 டிசம்பரில் பசி பற்றிய நாடாளுமன்றக் குழு அறிக்கை வெளியானபோது, ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று கூறிய பிரபுக்கள் அவை உறுப்பினர் ஆன் ஜென்கின் பின்னர் மன்னிப்புக் கேட்டார். 2022 மே மாதம் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆஷ்ஃபீல்டு உறுப்பினர் லீ ஆண்டர்சன், உணவு வங்கிகளின் பெருக்கத்துக்கு மக்களின் சமையல் அறியாமையும் வரவுசெலவு அறியாமையுமே காரணம் என்ற பொருளில் அவையில் பேசி, ஒரு வேளை உணவை 30 பென்ஸுக்குச் சமைக்கலாம் என்றார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, 50 பவுண்டுக்கு 172 உணவு சமைத்த கணக்கு. மொத்தமாக 50 பவுண்டு கையில் வைத்திருப்பவர், 172 உணவு கொள்ளும் பாத்திரங்களும் உறைபெட்டியும் உடையவர், அப்படியானவர் உணவு வங்கியின் வாசலில் நிற்க வேண்டிய தேவையே இராது. ஜோஆன் ஹாலோஸ், ஸ்டீவ் ஜோன்ஸ் ஆகிய பண்பாட்டு ஆய்வாளர்கள் 2010-இலேயே, ரோதர்ஹாம் நிகழ்ச்சி சமூகச் சிக்கலைத் தனிமனிதப் பொறுப்பாகக் காட்டுகிறது என்று எச்சரித்திருந்தனர். ஆலிவரின் நோக்கத்தில் குற்றம் காண்பது நியாயமன்று. அவர் பள்ளி உணவுக்காகவும் நீண்டகாலம் வாதாடியவர். ஆனால் 'தெரிந்தால் முடியும்' என்று ஒளிபரப்பு திரும்பத் திரும்பச் சொல்லும்போது, 'முடியாதவர் தெரியாதவர்' என்று அதைத் திருப்பிச் சொல்லும் வசதி அதிகாரத்தில் உள்ளோருக்குக் கிடைத்துவிடுகிறது.

அரசே பரிந்துரைக்கும் 'ஈட்வெல்' உணவு முறையைப் பின்பற்ற, நாட்டின் மிக வறிய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் செலவழிக்கத்தக்க வருமானத்தில் பாதியைச் செலவிட வேண்டியிருக்கும் என்று உணவுக் கொள்கைத் தொண்டு அமைப்பான ஃபுட் ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. மிகச் செல்வந்தரான ஐந்தில் ஒரு பங்கினருக்கு அது 11 விழுக்காடு. எவ்வளவு தேர்ந்த சமையல் திறனாலும் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது.

நிகழ்ச்சி சொல்ல வேண்டிய எண்கள்

எனவே சிக்கனச் சமையல் நிகழ்ச்சிகள் நடுத்தர வருவாய்க் குடும்பத்துக்கு உதவுகின்றன, அந்த உதவி மெய்யானது. வறுமையின் அடித்தட்டில் உள்ளவருக்கு அவை இன்றைய வடிவில் உதவவில்லை. வடிவத்தை மாற்றலாம். ஒரு பங்கின் விலையோடு, வெறும் அலமாரியிலிருந்து தொடங்குபவர் கல்லாவில் கொடுக்க வேண்டிய முழுத் தொகையையும், சமைக்க எரியும் கேஸ் அல்லது மின்சாரத்தின் செலவையும், தேவைப்படும் பாத்திரங்களையும் திரையில் காட்டுவது எந்தத் தயாரிப்பாளருக்கும் இயலாத காரியம் அன்று. நிகழ்ச்சியில் பங்கேற்கும் குடும்பங்களைத் தேரும்போது, முன்பண மீட்டரும் ஒற்றை அடுப்பும் உள்ள வீடுகளையும் சேர்க்க வேண்டும். நிகழ்ச்சிக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பகுதியையேனும், பலன் அளந்து காட்டப்பட்ட நேரடிச் சமையல் வகுப்புகளுக்குத் தொலைக்காட்சி நிறுவனங்களும் உள்ளாட்சி மன்றங்களும் ஒதுக்க வேண்டும். கூலியும் உதவித்தொகையும் உணவின் விலையோடு சேர்ந்து உயர வேண்டும் என்ற கோரிக்கைக்கு, எந்தச் சமையல் நிகழ்ச்சியையும் மறுமொழியாகக் காட்ட அனுமதிக்கக் கூடாது.